நல்ல கன்ட்ரோலர் எது? – சொல்தா தாத்தாவின் ரயில் சொல்லித் தந்த பாடம்



அறிவியல் கண்காட்சியில் எங்க குழுவோட ரயிலை நீங்க எல்லாரும் பார்த்தீங்க. ஆறாம் வகுப்புத் தம்பிங்க ரிமோட்டை வாங்கி வாங்கி அமுக்கினீங்க. ஆனா அந்த ரயில் ஓடுறதுக்கு முன்னாடி நான் ஒரு பெட்டியைக் கெடுத்துட்டேன். அதை எழுதாம மத்ததை மட்டும் எழுதினா அது பாடமாகாது. அதனால முதல்ல அதையே சொல்லிடறேன்.

ரயில் எப்படி வந்தது?

எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருக்கார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை நம்ம காரைக்காலில் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் பையன் சின்ன வயசுல பிரான்சில் விளையாடின ரயில் செட்டை எங்க குழுவுக்குக் கொடுத்தார். ஒரு என்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகப் போடத் தண்டவாளம். எல்லாம் இருந்தது, கன்ட்ரோலர் மட்டும் இல்லை. எங்கேயோ தொலைஞ்சு போச்சாம்.

"ஓட்டிப் பாருங்க பாப்பா. ஆனா பத்திரம், இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்தச் செட்டின் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்த அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். நிஜ ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினது. பிரான்சில் நிஜத் தண்டவாள அகலம் 1,435 மி.மீ. அதை 87 ஆல் வகுத்துப் பாருங்கள், 16.5 வரும். நம்ம அகலப் பாதை 1,676 மி.மீ. அதை வகுத்தால் 19-க்கு மேல் வரும். பேரளம் – காரைக்கால் இடையே 1898-இல் போட்ட பழைய மீட்டர் கேஜ் பாதைக்கு அகலம் 1,000 மி.மீ. அதுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இந்த மாதிரி ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது. ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். சக்கரம் வழியாக ஏறி மோட்டாருக்குப் போகும். 12 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டி.சி. பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்தால் வண்டி பின்னாடி ஓடும்.

நான் செய்த தப்பு

கன்ட்ரோலர் வாங்கும் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். சீரியல் செட் கடையில் 12 வோல்ட் பவர் சப்ளை இரண்டு இருந்தது. ஒன்று 1 ஆம்பியர், இன்னொன்று 5 ஆம்பியர். பெரிசா இருந்தா வண்டி நல்லா இழுக்கும்னு நினைச்சு 5 ஆம்பியர் வாங்கினேன். வேகத்தைக் குறைக்க, டீச்சரிடம் கேட்டு ஆய்வகத்து ரியோஸ்டாட்டை எடுத்துக்கிட்டோம்.

இரண்டாம் நாள் ரியோஸ்டாட்டை முழுசாகத் திறந்து வைத்து ஓட்டினோம். வளைவில் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. அதன் இரும்புச் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கிட்டு நின்றது. நாங்க சிரிச்சுக்கிட்டே இருந்தோம். வாடை வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினோம். அதுக்குள்ள சக்கரத்தைப் பிடிச்சிருந்த பிளாஸ்டிக் உருகி வளைஞ்சு போச்சு.

அன்னைக்கு சாயந்திரம் தாத்தா வீட்டுக்கு நான் மட்டும் போனேன். பெட்டியைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டலை. "ஏன் உருகிச்சுன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் என்ஜின் என்கிட்ட இருக்கட்டும்" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் கீழே உள்ளதை எல்லாம் கற்றுக்கொண்டேன்.

பாடம் 1: ஆம்பியர் என்பது தள்ளும் பலம் இல்லை

பவர் சப்ளையில் 5 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது எப்பவும் 5 ஆம்பியரைத் தள்ளும் என்று அர்த்தம் இல்லை. கேட்டால் 5 வரைக்கும் கொடுக்க முடியும் என்று அர்த்தம். எவ்வளவு வேண்டும் என்பதை மோட்டார்தான் முடிவு செய்கிறது.

பிறகு டீச்சர் முன்னாடி மல்டிமீட்டர் வைத்து அளந்தோம். எங்க என்ஜினுக்கு வந்த அளவு இது:

சமதளத்தில் ஓடும்போது – 0.2 ஆம்பியர்
பாலத்து ஏற்றத்தில் – 0.35 ஆம்பியர்
கையால் ஒரு நொடி பிடித்து நிறுத்தினால் – 0.8 ஆம்பியர்

நின்ற மோட்டார் ஏன் அதிகம் இழுக்கிறது? மோட்டார் சுற்றும்போது அதுவே ஒரு சின்ன டைனமோ மாதிரி எதிர்த்திசையில் மின்னழுத்தம் உண்டாக்கும். அது உள்ளே வருகிற மின்சாரத்தைத் தடுக்கும். சுற்றுவது நின்றால் தடுப்பும் போய்விடும். வயலில் பம்ப்செட் மோட்டார் இறுகிப் போனால் சூடாவதும் இதனால்தான். அதுக்காகத்தான் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே வைத்திருக்கிறார்கள்.

ஆக, எங்க ரயிலுக்கு 1 ஆம்பியரே தாராளம். நான் வாங்கின மீதி 4 ஆம்பியர் ஓடும்போது சும்மா இருந்தது. தடம் புரண்ட நிமிஷத்தில்தான் வேலைக்கு வந்தது. அந்த வேலை, பிளாஸ்டிக்கை உருக்கியது.

பாடம் 2: ரியோஸ்டாட் வைத்தால் வண்டி ஏன் குதிக்கிறது?

உருகுவதற்கு முன்னாடியும் ஒரு தொல்லை இருந்தது. ரியோஸ்டாட்டை மெதுவாகத் தள்ளினால் வண்டி அசையாது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் தவளை மாதிரி குதித்து ஓடும். ஸ்டேஷனிலிருந்து மெதுவாகக் கிளம்பவே கிளம்பாது.

ஓம் விதி வைத்துக் கணக்குப் போடுவோம். நிற்கும் மோட்டார் 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் இழுத்தால் அதன் தடை 15 ஓம். ரியோஸ்டாட்டில் 30 ஓம் வைத்தால் மொத்தம் 45 ஓம். மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட்தான். வண்டி அசையாது. 15 ஓமுக்குக் குறைத்தால் 6 வோல்ட் கிடைக்கும். வண்டி நகரும். நகர்ந்த உடனே மின்னோட்டம் 0.2-க்கு இறங்கிவிடும். இப்போது ரியோஸ்டாட் எடுத்துக்கொள்வது 3 வோல்ட்தான். மோட்டாருக்கு 9 வோல்ட் போய்விடும். நாம கையை நகர்த்தவே இல்லை, ஆனா வோல்ட் தானா ஏறிடுச்சு. அதுதான் குதிக்கிறது.

ஏற்றத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். வண்டி அதிக மின்சாரம் கேட்கும்போது ரியோஸ்டாட் அதிக வோல்ட்டை முழுங்கும். பலம் தேவைப்படுகிற நேரத்தில் பலம் குறையும். நம்ம ஊரில் ஏற்றமே கிடையாது, ஆனா மாடலில் ஆத்துப் பாலத்துக்கு ஏற்றம் வைக்காமல் முடியலை. அங்கேதான் வண்டி தினமும் நின்றது.

பாடம் 3: நறுக்கிக் கொடுப்பது

வேகத்தைக் குறைக்க இன்னொரு வழி இருக்கிறது. மின்சாரத்தை மட்டுப்படுத்தாமல், முழு 12 வோல்ட்டையே துண்டு துண்டாக நறுக்கிக் கொடுப்பது. கடையில் இதைப் பி.டபிள்யூ.எம். போர்டு என்று கேட்டால் தருவார்கள். ஒரு விநாடிக்குள் மிகப் பல தடவை ஆன், ஆஃப் ஆகும். பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் என்றால் சராசரி 6 வோல்ட். கால்வாசி நேரம் ஆன் என்றால் 3 வோல்ட்.

சராசரி 3 வோல்ட்தான் என்றாலும் ஒவ்வொரு துண்டும் முழு 12 வோல்ட் அடி. அந்த அடி மோட்டாரின் இறுக்கத்தை உடைத்துவிடும். அதனால் வண்டி எறும்பு மாதிரி மெதுவாகக் கிளம்பும். ஏற்றத்திலும் ரியோஸ்டாட் மாதிரி கைவிடாது. போர்டும் அவ்வளவாகச் சூடாவதில்லை.

பழைய வீடுகளில் ஃபேனுக்குப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருக்கும். தொட்டால் சுடும். அதுக்குள் தடைக் கம்பிச் சுருள். இப்போது வருகிற சின்ன ரெகுலேட்டர் அப்படிச் சுடாது.  (ஆனால் ஃபேன் ரெகுலேட்டரை ரயிலுக்கு வைக்கக் கூடாது. அது 230 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு உள்ளது.)

உங்களுக்குத் தெரியுமா?

நிஜ ரயிலும் இதே வழியில்தான் வளர்ந்தது. 1931-இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் இடையே மின்சார ரயில் வந்தபோது அது 1,500 வோல்ட் டி.சி.யில் ஓடியது. அந்தக் காலத்து டி.சி. ரயில்களில் தடைகளைச் சேர்த்தும் விலக்கியும்தான் வேகத்தைக் கூட்டினார்கள். இப்போது நம்ம காரைக்கால் பாதையிலும் மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 போன்ற என்ஜின்கள் உள்ளே மின்சாரத்தை நறுக்கித்தான் மோட்டாருக்குக் கொடுக்கின்றன. துறைமுகத்துச் சரக்கு வேகன் நின்றால் யாரும் அதன் மேல் ஏறாதீர்கள். கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டப் போனாலே இழுத்துவிடும்.

பாடம் 4: ரிமோட் மூன்று வகை

1. பொம்மை வகை: பேட்டரி வண்டிக்குள்ளேயே இருக்கும். மாங்கனித் திருவிழாக் கடையில் வாங்குவது இப்படித்தான். தண்டவாளத்தில் மின்சாரம் கிடையாது, பயமும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் வண்டி நிற்கும்.

2. தண்டவாள வகை: ரிமோட் வாங்கும் கருவி கன்ட்ரோலரோடு இருக்கும். ரிமோட் தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரத்தை மாற்றும். ஒரே ஒரு வண்டிக்கு இது போதும். இரண்டு என்ஜினை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும், சேர்ந்து நிற்கும்.

3. டி.சி.சி. வகை: ஜெர்மனியில் லென்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய முறை. அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1994-இல் இதைப் பொதுத் தரமாக ஏற்றது. தண்டவாளத்தில் எப்பவும் முழு மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டிகோடர் என்ற சின்னச் சில்லு. அதுக்கு ஒரு எண். புதுசாக வாங்கினால் எண் 3 என்று இருக்கும், நாம மாற்றிக்கலாம். வகுப்பில் டீச்சர் "ரோல் நம்பர் 7 எழுந்திரு" என்றால் ஒருத்தி மட்டும் எழுந்திருப்பது மாதிரி, அந்த எண் உள்ள என்ஜின் மட்டும் கேட்கும். டிகோடரும் உள்ளே நறுக்கித்தான் மோட்டாரை ஓட்டுகிறது. வசதிதான், ஆனால் விலை அதிகம். ஒரே என்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தேவை இல்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது

12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் (ஷார்ட் ஆனால் தானாக நிறுத்திக்கொள்ளும் வகை). வேகத்துக்குக் குமிழ் உள்ள பி.டபிள்யூ.எம். போர்டு. முன்னாடி பின்னாடி போக ஒரு சுவிட்ச். ஓட்டு, நிறுத்து என்ற இரண்டு பொத்தான் மட்டும் உள்ள ரிமோட் போர்டு. வேகத்தையும் ரிமோட்டில் வைக்கணும்னு எனக்கு ஆசைதான். காசு பத்தலை. யோசித்துப் பார்த்தால், நிறுத்துவதுதான் முதலில் கையில் இருக்க வேண்டும்.

நாணயச் சோதனை

இதுதான் முக்கியம். தண்டவாளத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைக் குறுக்காக வையுங்கள். அடாப்டர் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நாணயத்தை எடுத்தால் மறுபடி வர வேண்டும். ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் போதாது, சுற்றி எல்லா இடத்திலும் வைக்கணும். எங்களுக்குத் தூரத்து வளைவில் மின்சாரம் நிற்கவே இல்லை. தண்டவாளத்தைச் சேர்க்கும் பட்டை துருப்பிடித்துத் தளர்ந்து, அதுவே ஒரு தடை ஆகிவிட்டது. ஷார்ட் ஆனது அடாப்டருக்குத் தெரியவே இல்லை. அந்த இடத்துக்குத் தனியாக இரண்டு ஒயர் இழுத்துப் பற்ற வைத்த பிறகுதான் சரியானது. பெட்டி உருகினதும் அதே வளைவில்தான்.

(இந்தச் சோதனை 12 வோல்ட் அடாப்டருக்கு மட்டும். வீட்டு மின்சாரத்தில் யாரும் எதையும் செய்து பார்க்க வேண்டாம்.)

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. மோட்டார் எத்தனை வோல்ட்?
2. பிடித்து நிறுத்தினால் எத்தனை ஆம்பியர்? அதைவிடக் கொஞ்சம் அதிகம் போதும்.
3. ஷார்ட் ஆனால் தானாக நிற்குமா?
4. மெதுவாகக் கிளம்புமா, குதிக்குமா?
5. எத்தனை என்ஜின் ஓட்டப் போகிறோம்?

ஓட்டுவதை எந்தப் பவர் சப்ளையும் செய்துவிடும். கிளம்பும்போதும், ஏறும்போதும், சிக்கிக்கொள்ளும்போதும் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் நல்ல கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் ஓடுறதை மட்டும் யோசித்து வாங்கினேன்.

தாத்தாவிடம் இதை எல்லாம் நோட்டில் எழுதிக் கொண்டுபோய்ச் சொன்னேன். நாணயச் சோதனையை அவரே வைத்துப் பார்த்தார், நாலு தடவை. அப்புறம் உள்ளே போய் என்ஜினை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். உருகின பெட்டியை டி.வி. மெக்கானிக் அண்ணன் நிமிர்த்திப் பார்த்தார், முடியலை. கண்காட்சியில் ரயில் இரண்டு பெட்டியோடு ஓடினதுக்குக் காரணம் அதுதான். மூன்றாவது பெட்டி ஸ்டேஷன் பக்கத்தில் சும்மா நின்றதே, அது எதுக்கு என்று நிறைய பேர் கேட்டீங்க. அதுதான் இது.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் வந்து கேளுங்கள். ஒரு ரூபாய் நாணயம் கொண்டு வாருங்கள், சோதனை செய்து காட்டுகிறேன். நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு