முதல் மலைப்பயணப் பை: முதுகை அளந்த பிறகு கடைக்குப் போங்கள்

பல நாள் மலையேற்றத்துக்குப் பெயர் கொடுத்ததும் பலர் முதலில் செய்வது, பெரிதாக ஒரு பையைத் தேடி வாங்குவது. அந்த வரிசையை மாற்றுங்கள். எங்கே போகிறோம், எதையெல்லாம் சுமக்கப் போகிறோம், நம் முதுகின் நீளம் என்ன என்ற மூன்றும் தெரிந்த பிறகே பையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலணியைப் போலவே பையும் நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருக்கும் பொருள். பொருந்தாத பை முதல் நாள் தோளை வலிக்கவைக்கும். இரண்டாம் நாள் சுற்றியிருக்கும் மலைகளை மறக்கவைத்து, அடுத்த ஓய்வு எப்போது என்று மட்டும் நினைக்கவைக்கும்.

1. பயணத்தை முடிவு செய்யுங்கள்

பையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். எத்தனை லிட்டர் தேவை என்பதை நாட்களின் எண்ணிக்கையைவிட, இரவில் எங்கே தங்குகிறோம் என்பதே அதிகம் தீர்மானிக்கும்.

அகத்தியமலைக்குக் கேரளத்தின் போனக்காட்டிலிருந்து ஏறுபவர்கள் அதிருமலையில் உள்ள வனத்துறை முகாமில் தங்குகிறார்கள். டென்ட் சுமக்கத் தேவையில்லை. கடுங்குளிர் உடைகளும் வேண்டாம். இப்படிப்பட்ட பயணத்துக்கு 35 முதல் 40 லிட்டர் போதும்.

உத்தராகண்டின் கேதார்காந்தா போன்ற இமயமலைப் பாதைகளில் ஏற்பாட்டாளர்களே டென்ட், ஸ்லீப்பிங் பேக், உணவு ஆகியவற்றைத் தந்துவிடுவது வழக்கம். ஆனால் தடித்த ஜாக்கெட், உள்ளே அணியும் தெர்மல், கையுறை, கூடுதல் காலுறை எல்லாம் இடத்தை அடைத்துக்கொள்ளும். இங்கே 50 முதல் 55 லிட்டர் வேண்டும். டென்ட், அடுப்பு, உணவு என்று அனைத்தையும் நீங்களே சுமப்பதானால் 60 முதல் 65 லிட்டர். அதற்கு மேல் போகாதீர்கள். பையில் இடம் மிச்சமிருந்தால் தேவையில்லாத பொருள் எப்படியாவது உள்ளே வந்துவிடும்.

ஏற்பாட்டாளரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: பெரிய பையைக் கோவேறு கழுதையிலோ சுமைதூக்குபவரிடமோ கொடுத்தனுப்பும் வசதி உண்டா? உண்டு என்றால், பகலில் தண்ணீர், மழைச்சட்டை, மருந்து, தின்பண்டம் வைத்துக்கொள்ள 20 முதல் 25 லிட்டர் சிறு பை போதும்.

2. பொருள்களைப் பரப்பி எடை பாருங்கள்

எடுத்துச் செல்லப்போகும் எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்புங்கள். இல்லாததைக் கடன் வாங்கியாவது வையுங்கள். பிறகு ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் அழுத்தி அடுக்கிப் பாருங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். இரண்டரை கேன் அளவு இடம் பிடித்தால் உங்களுக்குத் தேவை 50 லிட்டர் பை.

அடுத்தது எடை. பை, தண்ணீர், உணவு எல்லாம் சேர்த்து உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மலையேறுபவர்கள் பின்பற்றும் பொது விதி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. புதிதாகத் தொடங்குபவர்கள் அதற்கும் கீழேயே நிற்பது நல்லது. 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ. சட்டகம் உள்ள 50 லிட்டர் பை காலியாகவே ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். ஆகவே 12 கிலோவில் கிட்டத்தட்ட நாலு கிலோ தொடக்கத்திலேயே போய்விடுகிறது. எடை மிஞ்சினால் பொருளைக் குறையுங்கள், பையைப் பெரிதாக்காதீர்கள்.

3. முதுகை அளவெடுங்கள்

ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு முதுகு நீளம், இன்னொருவருக்குக் கால் நீளம். அதனால் உயரத்தை வைத்துப் பையின் அளவை முடிவு செய்ய முடியாது.

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மேல் புள்ளி. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். கட்டைவிரல்களை இணைக்கும் கோடு முதுகெலும்பைச் சந்திக்கும் இடம் கீழ்ப் புள்ளி. தையல் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து, இடைப்பட்ட தூரத்தை வேறொருவர் அளக்கட்டும்.

பையில் எஸ், எம், எல் என்று போட்டிருப்பது பெரும்பாலும் இந்த நீளத்தைத்தான் குறிக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறுவதால், எழுத்தை நம்பாமல் அவர்கள் தரும் சென்டிமீட்டர் அட்டவணையைப் பாருங்கள். முதுகுப் பகுதியை ஏற்றி இறக்கும் வசதியுள்ள பை, முதல் முறை வாங்குபவர்களுக்கு மிகவும் உதவும். பெண்களுக்கென வடிவமைத்த பைகளில் முதுகு நீளம் குறைவாகவும், தோள்வார்கள் நெருக்கமாகவும், இடுப்புப் பட்டை இடுப்பின் சரிவுக்கேற்பவும் இருக்கும். குட்டை முதுகுள்ள ஆண்களும் அவற்றை அணிந்து பார்க்கலாம்.

4. இடுப்புப் பட்டையைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: சுமையைத் தாங்க வேண்டியது இடுப்பு, தோள் அல்ல. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டிக் கெல்டி, அலுமினியச் சட்டகம் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கியபோது முன்னிறுத்தியது இந்தத் தத்துவத்தைத்தான். 1967-இல் கிரெக் லோ அந்தச் சட்டகத்தைப் பைக்குள்ளேயே பொருத்தினார். இன்று கடைகளில் கிடைக்கும் மலைப்பயணப் பைகளில் பெரும்பாலானவை அந்த வகை.

பட்டை அகலமாகவும், மெத்தை வைத்ததாகவும், கையால் மடக்கினால் சற்று எதிர்ப்பதாகவும் இருக்க வேண்டும். வெறும் நாடா மட்டும் இருந்தால் பை ஆடாமல் பிடித்துக்கொள்ளும், எடையைத் தாங்காது. இறுக்கிய பிறகு முன்பக்கம் இரு மெத்தைகளுக்கும் நடுவே இடைவெளி மிஞ்ச வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் அதற்கு மேல் இறுக்க முடியாது. அந்தப் பை உங்களுக்குப் பெரியது.

சட்டகம் இருக்கிறதா என்று அறிய, பையை நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். நடுவில் மடிந்து சரிந்தால் அது வெறும் துணிப்பை. 10 கிலோவுக்கு அது உதவாது.

5. துணி, ஜிப், மழை

தோள்வார் பையோடு சேரும் இடங்களில் தையல் பல அடுக்காக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். முதலில் கிழிவது அங்கேதான். எல்லா ஜிப்பையும் திறந்து மூடுங்கள், பக்கிள்களைப் பல முறை மாட்டிக் கழற்றுங்கள். முதுகில் வலை வைத்துக் காற்றோட்டம் விட்ட பை வெயிலுக்கு இதமானது. ஆனால் சுமை முதுகை விட்டுத் தள்ளி நிற்பதால், எடை கூடும்போது பின்னோக்கி இழுக்கும்.

ரெயின் கவர் அவசியம். ஆனால் அது முதுகுப் பக்கத்தை மூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை அந்த வழியாக உள்ளே இறங்கிவிடும். பைக்குள் ஒரு தடித்த பாலித்தீன் உறை போட்டு, அதற்குள் துணிகளை வையுங்கள்.

6. எடை ஏற்றி அணிந்து பாருங்கள்

காலிப் பை எல்லோருக்கும் பொருந்தும். கடையில் 8 முதல் 10 கிலோ எடை வைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு இந்த வரிசையில் இறுக்குங்கள்:

- இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி வைத்து இறுக்குங்கள். தொப்புளைச் சுற்றி அல்ல.
- தோள்வார்களைத் தோளோடு இடைவெளியின்றிப் படியும்வரை மட்டும் இழுங்கள்.
- தோளுக்கு மேலே பையின் உச்சிக்குச் செல்லும் சிறு வார்களை மெல்ல இழுங்கள். அவை சாய்வாக மேலேறிச் செல்ல வேண்டும்.
- மார்புப் பட்டையை, மூச்சு முட்டாத அளவுக்கு மாட்டுங்கள்.

இப்போது கால் மணி நேரமாவது நடங்கள். படியிருந்தால் ஏறி இறங்குங்கள், குனியுங்கள், அண்ணாந்து பாருங்கள். விரல் மரத்துப்போனாலோ, தோளில் எடை அழுத்தினாலோ, தலை பையில் இடித்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். இணையத்தில் வாங்கினால், திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் வீட்டில் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டைப் போர்வையில் சுற்றி உள்ளே வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். அதுவரை பையில் தொங்கும் விலை அட்டையைக் கிழிக்காதீர்கள்.

இது ஒரே ஒரு பயணமாக இருக்கலாம் என்று தோன்றினால் வாங்கவே வேண்டாம். பல ஏற்பாட்டாளர்கள் பையை வாடகைக்குத் தருகிறார்கள். அப்போதும் முதுகின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

7. அடுக்கிப் பழகுங்கள்

இரவில் மட்டும் தேவைப்படும் துணியும் ஸ்லீப்பிங் பேக்கும் அடியில். எடைமிக்க உணவும் தண்ணீரும் முதுகை ஒட்டி நடுவில். இலேசானவை வெளிப்பக்கம். மழைச்சட்டை, டார்ச், மருந்து மேலே. இடமும் வலமும் சமமாக இருக்கட்டும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, வாரம் இரு முறை எடையோடு நடந்து பழகுங்கள். 5 கிலோவில் தொடங்கி முழு எடைக்கு வாருங்கள். எந்த வாரை எப்போது தளர்த்துவது என்பது அப்போது கைக்குப் பழகிவிடும். பயணம் முடிந்ததும் பையைக் காலி செய்து, நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் துணியின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். பொருந்திய பையை இப்படிப் பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும். அடுத்த மலைக்கு வேறு பை தேட வேண்டியிருக்காது.