நகலெடுத்த வட்டு ஏன் விழிக்கவில்லை?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)



"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் உண்மையை நான் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பள்ளி நூலகத்துக் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் சென்ற ஆண்டு 'டிக், டிக்' என்று ஒலியெழுப்பத் தொடங்கியது. வட்டு பழுதாகப் போகிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. மாணவியர் இரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த நூற்பட்டியல் முழுவதும் அதில்தான் இருந்தது. நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி வரச் செய்து, கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த எங்கள் நால்வரிடம் கொடுத்தார்கள். பழைய வட்டில் உள்ளதை அப்படியே புதியதில் நகலெடுப்பதற்குக் 'குளோன்' செய்தல் என்று பெயர். ஒரு பிற்பகல் முழுவதும் அந்த வேலை நடந்தது. "வெற்றிகரமாக முடிந்தது" என்று மென்பொருள் அறிவித்ததும் நாங்கள் கைதட்டினோம்.

புதிய வட்டைப் பொருத்தி ஸ்விட்சை அழுத்தினோம். கறுப்புத் திரையில், தொடங்குவதற்கு ஏற்ற சாதனம் எதுவும் இல்லை என்னும் பொருள்பட ஒரே ஓர் ஆங்கில வரி வந்து நின்றது.

கணிப்பொறி எவ்வாறு விழிக்கிறது?

கோளாறைத் தேடுமுன் ஒழுங்கை அறிய வேண்டும். காலையில் நம் பள்ளி எவ்வாறு திறக்கிறது? முதலில் காவலாளி வாயிற்கதவைத் திறக்கிறார். பிறகு சாவிக்கொத்துடன் ஒருவர் வந்து அறைகளைத் திறக்கிறார். அதன்பின் மணி அடிக்கிறது, வகுப்புகள் தொடங்குகின்றன. சாவிக்கொத்து வராவிட்டால், எல்லா ஆசிரியரும் வந்திருந்தாலும் பாடம் நடக்காது.

கணிப்பொறியிலும் அப்படியே. தாய்ப்பலகையில் உள்ள சில்லில் பதிந்திருக்கும் சிறிய நிரல்தான் காவலாளி. அது நினைவகம் முதலியவற்றைச் சோதித்துவிட்டு, வட்டில் உள்ள தொடக்க நிரலைத் தேடுகிறது. அந்தத் தொடக்க நிரலே சாவிக்கொத்து. அதுதான் விண்டோஸை எழுப்புகிறது. இதற்கு 'பூட்' செய்தல் என்று பெயர். உயரமான காலணியின் பின்புறத்து வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து பிறந்த சொல் இது.

இருவகைக் காவலாளிகள்

பழைய வகைக்கு பயாஸ் என்று பெயர். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரில் இது இருந்தது. இது வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வட்டின் நான்கு பகுதிகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கும் உரியவை. இந்த அமைப்பே எம்.பி.ஆர். வழக்கமான 512 பைட்டுக் கட்டங்களைக் கொண்ட வட்டில், சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் இதனால் கையாள முடியாது.

புதிய வகைக்கு யூ.இ.எஃப்.ஐ. என்று பெயர். இதன் விதிகளை வகுக்கும் மன்றம் 2005இல் அமைந்தது. இது ஜி.பி.டி. என்னும் அட்டவணையையும், வட்டில் தனியே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியையும் நாடும். அச்சிறு பகுதிக்கு இ.எஃப்.ஐ. சிஸ்டம் பகுதி என்று பெயர். பெரும்பாலும் சில நூறு மெகாபைட்டுகளே இருக்கும். சாவிக்கொத்து இருப்பது அங்கேதான். 2021இல் வந்த விண்டோஸ் 11, முறைப்படி இவ்வகையையே கோருகிறது.

வரிசையாகச் சோதித்தல்

முதலாவதாக, மின் இணைப்பைத் துண்டித்துப் பழைய வட்டைக் கழற்றிவிட வேண்டும். நகலெடுத்த வட்டு அடையாள எண்ணையும் சேர்த்து நகலெடுத்திருக்கலாம். இரண்டும் ஒருங்கே இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். பழைய வட்டிலிருந்து தொடங்கியதைப் புதியதிலிருந்து தொடங்கியதாக நாம் எண்ணிவிடவும் கூடும்.

இரண்டாவதாக, அமைப்புத் திரைக்குள் சென்று புதிய வட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் கம்பியையும் இணைப்பையும் சரிபார்க்கவும். தெரிந்தால், தொடக்க வரிசையில் அதை முதலிடத்தில் வைக்கவும்.

மூன்றாவதாக, காவலாளியும் அட்டவணையும் பொருந்த வேண்டும். எம்.பி.ஆர். வட்டுக்குப் பழைய முறை; ஜி.பி.டி. வட்டில் உள்ள விண்டோஸுக்கு யூ.இ.எஃப்.ஐ. முறை.

நான்காவதாக, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, 'டிஸ்க்பார்ட்' கட்டளையால் வட்டின் பகுதிகளைப் பட்டியலிட வேண்டும். சிறிய சிஸ்டம் பகுதி இருக்கிறதா? எம்.பி.ஆர். வட்டானால், தொடக்கப் பகுதிக்கு 'ஆக்டிவ்' என்னும் குறி இருக்கிறதா?

ஐந்தாவதாக, விண்டோஸின் சின்னம் தோன்றியபின் நீலத் திரை வந்து, தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்று சொன்னால் சாவிக்கொத்தில் குறையில்லை. வட்டோடு பேசும் இயக்கி நிரலே பொருந்தவில்லை. வட்டு இணைப்பு முறையை யாரேனும் மாற்றியிருந்தால், முன்பிருந்தபடி வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு 'சேஃப் மோட்' வழியாக ஒருமுறை தொடங்கிப் பார்க்கலாம்.

எங்கள் வட்டில் நடந்தது என்ன?

முதல் மூன்று சோதனைகளிலும் குறையில்லை. அதற்குள் தோழியர், "கடைக்காரர் பழுதான வட்டைத் தந்து ஏமாற்றிவிட்டார், திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று பேசத் தொடங்கினர். நான்காவது சோதனையில் பட்டியல் திரையில் விரிந்தது. விண்டோஸ் இருந்த பெரிய பகுதி மட்டுமே அதில் இருந்தது. சிறிய பகுதியைக் காணவில்லை.

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நகலெடுக்கும்போது பகுதிகளைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். நூறு மெகாபைட் அளவுள்ள அந்தச் சிறு பகுதி எதற்கும் உதவாது என்று எண்ணி, அதன் எதிரே இருந்த குறியை நானே நீக்கியிருந்தேன். அது எவருக்கும் தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்தேன். குற்றமில்லாத ஒருவர் மீது பழி விழுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "அப்படியானால் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டதே அம்மா! இனிச் சரிசெய்வதைப் பார்" என்றார்கள்.

மீண்டும் நகலெடுக்கலாமா என்று யோசித்தோம். ஆனால் நோயுற்ற பழைய வட்டை மறுபடி முழுவதும் படிக்க வைப்பது ஆபத்து. புதிய வட்டில் விண்டோஸும் நூற்பட்டியலும் முழுமையாகவே இருந்தன. வட்டின் இறுதியில் ஒதுக்கப்படாத இடமும் இருந்தது. ஆகவே அவ்விடத்தில் 260 மெகாபைட் அளவில் ஒரு சிஸ்டம் பகுதியை உருவாக்கி, அதை ஃபேட் 32 முறையில் அமைத்து, 'எஸ்' என்னும் எழுத்தைக் கொடுத்தோம். ஒதுக்கப்படாத இடத்தைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பதால், ஒவ்வொரு கட்டளையையும் ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றொருத்தி வட்டின் எண்ணைச் சரிபார்த்த பின்னரே அழுத்தினோம்.

பிறகு 'பிசிடிபூட்' என்னும் கட்டளையைக் கொடுத்தோம். விண்டோஸ் எங்கே இருக்கிறது, சாவிக்கொத்தை எங்கே வைக்க வேண்டும், எந்த முறைக்கு என்ற மூன்றையும் அதற்குச் சொல்ல வேண்டும். பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது விண்டோஸ் உள்ள பகுதி 'சி' என்றில்லாமல் வேறு எழுத்தில் தெரியலாம். அதை முன்னதாகப் பார்த்துக்கொள்வது அவசியம்.

மீண்டும் ஸ்விட்சை அழுத்தினோம். விண்டோஸ் விழித்தது. நூற்பட்டியலைத் திறந்து, முதல் நூலையும் கடைசி நூலையும் தேடிப் பார்த்தோம். இரண்டும் இருந்தன.

நினைவிற்கொள்ள வேண்டியவை

புதிய வட்டு சில வாரங்கள் பழுதின்றி இயங்கும்வரை பழைய வட்டை அழிக்கக்கூடாது. நகலெடுக்கும்போது எல்லாப் பகுதிகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்திலும் ஒரு படி இருக்க வேண்டும்.

அந்தப் பழைய வட்டு இன்றும் நூலக மேசையின் இழுப்பறையில், தேதி எழுதிய காகிதம் ஒட்டப்பட்டு இருக்கிறது. சிறியது என்று நான் தள்ளிய பகுதியே கதவைத் திறக்கும் சாவியாக இருந்தது. தோழியரே, உங்கள் வீட்டுக் கணிப்பொறி விழிக்க மறுத்தால் பதறாதீர்கள். பிறர்மேல் பழி சொல்லவும் விரையாதீர்கள். முதல் படியிலிருந்து வரிசையாகத் தேடுங்கள்.