டியூலிப் படத்தை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பி,

கரையான்சாவடியில் ஆவடி ரோடு பிரியும் இடத்தில் உன் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். ‘காஷ்மீர் 8 நாள், மே 10 புறப்பாடு’ என்று போட்டு, பின்னால் வரிசை வரிசையாக டியூலிப். படம் அழகுதான். ஆனால் ஸ்ரீநகர் டியூலிப் தோட்டத்தை மார்ச் கடைசி வாக்கில் திறப்பார்கள்; பூ நிற்பது மூன்று, நான்கு வாரம். உன் ஆட்கள் மே 10க்குக் கிளம்பிப் போனால் வெறும் பாத்திதான் மிஞ்சியிருக்கும்.

பூந்தமல்லிக்காரனுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மல்லி எப்போது மலியும், எப்போது யானை விலை விற்கும் என்று நம் வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். மார்கழியில் முழம் பத்து ரூபாய்க்கு மல்லி தருகிறேன் என்று ஒருவன் போர்டு வைத்தால் சிரிப்போம். காஷ்மீர்க்காரன் உன் ஃப்ளெக்ஸைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிப்பான்.

நாம் செய்யும் தப்பு, பள்ளிக்கூட லீவை வைத்து டூர் போடுவது. குடும்பங்களுக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மே மாதத்தில் அங்கே என்ன இருக்கிறதோ அதை விற்றுவிடு. குல்மார்க் மேட்டில் அப்போதும் பனி கிடக்கும், மாதக் கடைசியில் செர்ரி வரத் தொடங்கும். ஆவடி டேங்க் ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனவர்களுக்கு ஏது லீவு கணக்கு? அவர்களுக்கு அக்டோபர் கடைசியில் ஒரு பேட்ச் போடு. சினார் இலை சிவந்திருக்கும். பாம்பூரில் குங்குமப்பூ பூக்கும் நேரமும் அதுதான். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழை. ஒரு கிலோ சேர ஒன்றரை லட்சம் பூ வேண்டும். வயலில் ஊதாப்பூவைக் குனிந்து பறிக்கிறவர்களை ஒரு முறை பார்த்துவிட்டால், கடையில் யாரும் விலையைக் கேட்டுச் சண்டை போட மாட்டார்கள்.

அடுத்தது பஞ்சாங்கம். இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். 2017ல் காசி தேவ் தீபாவளிக்கு 34 பேரைக் கூட்டிப் போனேன். படித்துறை முழுக்க விளக்கேற்றும் கார்த்திகைப் பௌர்ணமி அது. நம் தினசரி காலண்டரில் கார்த்திகை தீபம் டிசம்பர் 2 என்று பார்த்து டிக்கெட் போட்டுவிட்டேன். போய் இறங்கினால் படகுக்காரர், “அது நவம்பர் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டதே” என்கிறார். அவர்களுடைய மாதம் சந்திரனை வைத்து, நம்முடையது சூரியனை வைத்து. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அங்கே ஒரு அதிக மாதம் சேர்வதால், அவர்கள் கார்த்திகை சில வருஷம் நம் கார்த்திகையோடு ஒட்டி வரும். சில வருஷம் ஐப்பசியிலேயே முடிந்து போகும். 2023ல் ஒட்டி வந்தது, 2025ல் நவம்பர் 5க்கே முடிந்தது. ஹோலியையும் பங்குனி உத்திரத்தையும் இப்படியே குழப்பிக்கொள்ளாதே. தீபாவளிக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. தீபாவளியை ஒட்டிய சில நாள்தான் காசியில் தங்க அன்னபூரணி தரிசனமும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சமையல் ஆளைக் கூட்டிப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்தியானம் சாம்பார், ராத்திரி ரசம் இல்லாவிட்டால் நம் பாட்டிகளுக்கு மூன்றாம் நாளே முகம் வாடிவிடும். காலை டிபனை மட்டும் ஊருக்கு விட்டுவிடு. காசியில் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ‘மலையோ’ ஒன்று இருக்கிறது. காய்ச்சிய பாலை ராத்திரி முழுக்கப் பனியில் திறந்து வைத்து, விடியற்காலையில் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் மண் குவளையில் எடுத்துத் தருவார்கள். குங்குமப்பூ மஞ்சள், மேலே நாலு பிஸ்தா. மங்கி கேப் போட்ட ஒரு குமணன்சாவடி அம்மா வாங்கி வாயில் வைத்துவிட்டு, “என்னப்பா, நுரையைப் போய்க் காசுக்கு விக்கிறான்!” என்றார். அடுத்த நிமிஷம் குவளைக்குள் விரலை விட்டு வழித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் அந்த நுரை அடங்கிவிடும். எட்டரைக்கு இட்லி சுட்டுப் போட்டு, பத்து மணிக்கு ஆட்களை வெளியே கிளப்பினால் அது கிடைக்காது.

அதே குளிருக்கு இன்னொரு முகம் உண்டு, மூடுபனி. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய வடக்கே ரயில் நேரத்தை நம்பி எதையும் கோக்காதே. ஒரு தடவை பதினோரு மணி நேரம் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ரயிலில் இறங்கிய அன்றைக்கே திரும்பும் விமானம் என்று போடவே போடாதே. நடுவில் ஒரு நாள் சும்மா விடு. ரிசர்வேஷனும் 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு போயிற்று. அதனால் முதலில் அந்த ஊர்ப் பருவத்தையும் திருவிழாவையும் குறித்துக்கொள், பிறகு அதிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணு. ஜூலை, ஆகஸ்டில் கேதார், பத்ரி பக்கம் வயதானவர்களைக் கூட்டிப் போவதை நான் விட்டுவிட்டேன். மழையில் மலைச்சரிவு எப்போது ரோட்டை மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. லாபம் இருக்கிறது என்று நீயும் இறங்காதே.

இந்த வாரமே ஃப்ளெக்ஸை மாற்றிவிடு, செலவு பெரிதில்லை. அதைப் பார்த்து யாராவது ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், டியூலிப் கிடையாது என்பதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே போன் போட்டுச் சொல். திருப்பிக் கேட்டால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்