பிரேக் மிதித்தும் நிற்காத கெப் வண்டி: கீரிமலைப் பயணம் தந்த பாடம்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் போஷாக்கு, குடிநீர், லயத்துச் சுத்தம் பற்றித்தான் எழுதி வருகிறோம். இந்த முறை ஒரு வாகனப் பாடம். "எங்ககிட்ட வாகனம் எங்க இருக்கு?" என்று கேட்காதீர்கள். வாகனம் நமக்குச் சொந்தமில்லை. ஆனால் ஏறிப் போவது நாம்தான். பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் கெப் வண்டி, கோயில் குளம் போவதும் கெப் வண்டி, சாமான் சட்டு ஏற்றுவதும் கெப் வண்டி. நமது வாலிபப் பிள்ளைகள் பலர் சாரதி வேலையும் பார்க்கிறார்கள். ஆகையால் இதை வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நடந்தது என்ன?

சென்ற ஆண்டு ஆடி அமாவாசைக்கு, காலமான தகப்பனாருக்குப் பிதிர்க்கடன் செய்ய நாம் கீரிமலைக்குப் போனோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் ஏறக்குறைய 320 கிலோமீற்றர். கீரிமலை அதற்கும் வடக்கே கடலோரத்தில் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணியும், பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான நகுலேஸ்வரமும் அங்கே உள்ளன. 1990இல் யுத்தத்தில் சேதமடைந்த அந்தக் கோயிலுக்குத் திருப்பணி முடிந்து 2012இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆடி அமாவாசை அன்று அங்கே ஆயிரக்கணக்கில் சனம் கூடும்.

நாம் போனது வாடகைக்கு எடுத்த ஒரு டபுள் கெப். ஓட்டியவர் நமது தோட்டத்துப் பையன். வயது இருபத்தைந்துகூட இல்லை. அவ்வளவு தூரமும் நிதானமாகத்தான் ஓட்டினார். வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு எல்லாம் தாண்டி வந்தாயிற்று. ஒரு குறையும் இல்லை.

கேணிக்குப் போகும் வழியில் சனநெரிசல். வண்டி ஊர்ந்துதான் போகிறது. பத்து கிலோமீற்றர் வேகம்கூட இருக்காது. முன்னால் ஒரு வயதான அம்மா, பேரனைக் கையில் பிடித்தபடி வீதியைக் கடந்தார். பையன் பிரேக்கை மிதித்தார். கீழே "கட கட கட" என்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை! இன்னும் இரண்டு எட்டு முன்னே போனது. பையன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தபிறகுதான் நின்றது. வண்டியின் மூக்கு ஓரத்தில் இருந்த தட்டுக் கடையில் இடித்து, தர்ப்பையும் எள்ளும் மண்ணில் கொட்டின. அம்மாவுக்கும் பேரனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அவன் செயல்.

சனம் கூடி ஏசியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், நாமும் ஏசினோம். "தூக்கத்துல ஆக்சிலேட்டர மிதிச்சிட்டியா?" என்று கேட்டோம். பையன் அழாத குறை. "இல்லீங்க ஐயா, பிரேக்கத்தான் மிதிச்சேன். மிதிச்சா அது கால திருப்பித் தள்ளுது. தோட்டத்து கேட்டுக்கிட்டயும் ரெண்டு தடவ இப்படி ஆச்சு. மொதலாளிகிட்ட சொன்னேன், ஒனக்கு மிதிக்கத் தெரியலன்னு சொல்லிட்டாரு" என்றார்.

வண்டிச் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னோம். "அவன் இனி என் வண்டியைத் தொடக்கூடாது, சம்பளமும் இல்லை" என்று சொல்லிவிட்டார். ஒரு நொடியில் ஒரு பிள்ளையின் பிழைப்புப் போனது. அதன் பிறகுதான் நமக்கு மனம் உறுத்தியது. பிதிர்க்கடனை முடித்துக்கொண்டு, தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு கராஜில் வண்டியைக் காட்டினோம். அங்கே கற்றுக்கொண்டதும், பின்னர் கேட்டும் வாசித்தும் அறிந்ததும்தான் இந்தப் பாடம்.

ஏ.பி.எஸ். என்றால் என்ன?

ஓடும் வண்டியில் பிரேக்கைப் பலமாக மிதித்தால், ஈரத்திலோ மண்ணிலோ சில்லு சுற்றாமல் அப்படியே இறுகிவிடும். இறுகிய சில்லு வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதைத் தடுக்க வந்ததுதான் ஏ.பி.எஸ். பிரேக். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் செய்த ஏ.பி.எஸ். 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. பிக்கப் வண்டிக்கு இது இன்னும் அவசியம். ஏனென்றால் பின்னால் பாரம் இல்லாதபோது பின்சில்லுக்கு மண்ணில் பிடிப்புக் குறைவு, அதுதான் முதலில் இறுகும். அதனால் 1987இல் அமெரிக்காவில் ஃபோர்ட் பிக்கப்களில் பின்சில்லுகளுக்கு மட்டும் ஏ.பி.எஸ். போட்டார்கள். இப்போது நான்கு சில்லுக்கும் வருகிறது.

அது வேலை செய்யும் விதம் இதுதான். சில்லோடு சேர்ந்து ஒரு பல்வளையம் சுற்றும். அதற்கு எதிரே, ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளியில் ஒரு சென்சர் இருக்கும். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சென்சர் ஒரு மின் துடிப்பை அனுப்பும். வண்டியில் உள்ள சிறிய கொம்பியூட்டர் அந்தத் துடிப்புகளை எண்ணும். கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை கூடை கூடையாக எண்ணிக் குறிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சில்லின் கணக்கு திடீரென்று விழுந்தால், "இந்தச் சில்லு இறுகிவிட்டது" என்று முடிவுசெய்து, அந்தச் சில்லுக்குப் போகும் பிரேக் ஒயிலின் அழுத்தத்தைக் குறைத்து மறுபடி கொடுக்கும். ஒரு செக்கனில் பல தடவை இப்படி நடக்கும். அதுதான் காலுக்குத் தெரியும் அந்த "கட கட".

மெதுவாகப் போகும்போது மட்டும் ஏன் கோளாறு?

கணக்கு எழுதுபவருக்குக் கண் மங்கினால் என்ன ஆகும்? கூடை வந்தும் வரவில்லை என்று எழுதுவார். இங்கும் அதே கதைதான். பழைய வகைச் சென்சர் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. சில்லு வேகமாகச் சுற்றினால் துடிப்பு பலமாக வரும், மெதுவாகச் சுற்றினால் பலவீனமாக வரும். சென்சர் உட்காரும் இடத்தில் துரு ஏறினால், துருவானது இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அது சென்சரை மெல்ல மேலே தள்ளும். இடைவெளி கூடிவிடும். வேகத்தில் போகும்போது துடிப்பு எப்படியோ போய்ச் சேரும். வண்டி நிற்கப்போகும் நேரத்தில் துடிப்பு அடியோடு காணாமல் போகும். சில்லு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, கொம்பியூட்டரோ அது இறுகிவிட்டது என்று நினைத்துப் பிரேக்கைத் தளர்த்துகிறது. நாம் மிதிக்கிறோம், அது விடுகிறது!

மீற்றர் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியாதா என்று கேட்பீர்கள். பல நேரம் எரியாது. தன் கணக்கு பிழை என்று அதற்கே தெரியாது.

பத்து கிலோமீற்றர் வேகம் என்பது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய ஒன்பது அடி. ஒரே ஒரு செக்கன் பிரேக் பிடிக்காவிட்டால் ஒன்பது அடி. சனம் கூடிய இடத்தில், பிள்ளை மடுவத்து வாசலில், அந்த ஒன்பது அடிக்குள் எத்தனை உயிர் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய நாட்டிலும் நடந்தது

இது நமது பழைய வண்டிகளின் வியாதி மட்டுமல்ல. 2005இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1999 முதல் 2002 வரையான பிக்கப், ஜீப் வகை வண்டிகள் ஏறக்குறைய 8 இலட்சத்தைத் திருத்தத்துக்குத் திருப்பி அழைத்தது. காரணம் இதே துருதான். பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய வண்டிகள் அவை. முன்சில்லுச் சென்சருக்கு அடியில் துரு ஏறி, மணிக்கு ஏறக்குறைய 6 முதல் 16 கிலோமீற்றர் வேகத்தில் ஏ.பி.எஸ். வீணாக வேலை செய்து, வண்டி நிற்கும் தூரம் கூடிப்போனது. அங்கேயும் சாரதிகள்தான் முதலில் முறையிட்டார்கள்.

தெல்லிப்பழையில் கண்டது

கராஜ்காரர் வண்டியில் ஒரு ஸ்கேனரைப் பூட்டி, நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொன்னார். நான்கு சில்லின் வேகமும் திரையில் தெரிந்தது. மூன்று சில்லு ஒன்றுபோல இறங்கின. முன்பக்க வலது சில்லு மட்டும் பொத்தென்று பூச்சியத்துக்கு விழுந்தது. "இது பெடியன்ர பிழை இல்லை ஐயா. வந்து பாருங்கோ" என்று சென்சரைக் கழற்றிக் காட்டினார். அடியில் தட்டுத் தட்டாகத் துரு, அதன் மேல் நமது தோட்டத்துச் செம்மண். விசாரித்ததில், அந்த வண்டி நமது பக்கம் வர முன்னர் கடலோரத்தில் மீன் ஏற்றி ஓடியதாம். உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து வேலையைக் காட்டியிருக்கிறது.

கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, சென்சரைத் திரும்பவும் இருத்தினார். பக்கத்து வெறும் வளவில் பத்துத் தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். பத்துத் தடவையும் பூனைபோல நின்றது. பையன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. காய்ந்த, நல்ல வீதியில், மெதுவாக மிதித்து நிறுத்தும் கடைசி நேரத்தில் "கட கட" வந்தால் சந்தேகப்படுங்கள். வழுக்கும் இடத்தில் பலமாக மிதிக்கும்போது வந்தால் அது இயற்கை.
2. கால் கீழே கீழே இறங்கிப் போனால் அது வேறு நோய். ஒயில் கசிவாக இருக்கலாம். வண்டியை எடுக்கவே கூடாது.
3. வேகத்தில் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பிரேக் தட்டு வளைந்திருக்கலாம்.
4. சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு சில செக்கன் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றி மறைத்திருக்கவும் கூடும். பழைய வண்டி வாங்குவோர் கவனிக்கவும்.
5. சில்லுப் பெயரிங் ஆடினாலும் சென்சர் இடைவெளி மாறும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாரதித் தம்பிகள் செய்ய வேண்டியது

அந்த நேரத்தில் காலை எடுக்காதீர்கள். பிரேக்கை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கம்பியால் இழுக்கும் ஹேண்ட் பிரேக்கை ஏ.பி.எஸ். தளர்த்த முடியாது. ஹோர்ன் அடியுங்கள். கராஜுக்குப் போகும்வரை முதல் கியரில், முன்னால் நல்ல இடைவெளி விட்டு ஓட்டுங்கள். சனக்கூட்டத்துக்குள் அந்த வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

சிலர், "பியூசைப் பிடுங்கிவிட்டால் சரி" என்பார்கள். பிடுங்கினால் சாதாரண பிரேக் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் பல வண்டிகளில் முன்பின் சில்லுகளுக்குப் பிரேக்கைப் பங்கிடுவதும் அதே கொம்பியூட்டர்தான். வெறும் வண்டியாக ஈரமான மலை இறக்கத்தில் மிதித்தால் பின்பக்கம் சுழன்று பள்ளத்தில் விழலாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் வெப்பமானியை உடைப்பதா?

இன்னொன்று. சல்லிக்கல் பாதையில் நல்ல ஏ.பி.எஸ். இருந்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். தோட்டத்துப் பாதை இறக்கத்தில் பிரேக்கை நம்பாதீர்கள், சின்னக் கியரை நம்புங்கள். சேற்றில் ஓடிய வண்டியைக் கழுவும்போது சில்லின் உட்பக்கத்தையும் கழுவுங்கள்.

ஏறிப் போகும் நாம் செய்ய வேண்டியது

பின்பெட்டியில் நின்றுகொண்டு போகக்கூடாது. பின்கதவின் மேல் உட்காரக்கூடாது. ஊர்ந்து போகும் வண்டிதானே என்று பிள்ளைகளை முன்னால் குறுக்கே ஓட விடாதீர்கள். சாரதி "பிரேக் சரியில்லை" என்று சொன்னால் அவர் பக்கம் நில்லுங்கள். "நேரமாச்சு, போடா" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

முடிவாக

கராஜ்காரர் எழுதித் தந்த துண்டையும் பழுதின் படத்தையும் வண்டிச் சொந்தக்காரரிடம் கொடுத்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சம்பளத்தைக் கொடுத்தார், புதுச் சென்சரும் வாங்கிப் போட்டார். பையன் இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். தட்டுக் கடைக்காரருக்கு நட்டத்தை அன்றே கொடுத்துவிட்டோம். பையனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர், "அத விடுங்க ஐயா" என்றார். நம்மால் இன்னும் விட முடியவில்லை.

ஒரு தொழிலாளி "என் மேல் பிழையில்லை, கருவியில் பிழை" என்று சொன்னால், ஏசுவதற்கு முன் கருவியைக் கழற்றிப் பார்ப்போம். வண்டிக்கு மட்டுமல்ல, கொழுந்து நிறுக்கும் தராசுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. சில்லு இறுகினால் வண்டி ஏன் திரும்புவதில்லை?
2. துரு ஏறிய சென்சர் வேகத்தில் சும்மா இருந்து, மெதுவான நேரத்தில் ஏன் கெடுக்கிறது?
3. நமது தோட்டத்தில் வண்டி ஊர்ந்து போகும் ஆபத்தான இடங்கள் எவை?