கிரால் ஸ்பேஸை வசிக்கும் அறையாக்குவது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குளிர்காலத்தில் நிலம் உறைந்து மேலெழும். அதனால் வீட்டின் அஸ்திவாரம் உறையும் ஆழத்துக்குக் கீழே நிற்க வேண்டும். டொராண்டோ வட்டாரத்தில் அந்த ஆழம் சுமார் 1.2 மீட்டர். நிலவறை இல்லாத பழைய வீடுகளில் மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் அளவு இடம் விட்டிருப்பார்கள். இதுவே கிரால் ஸ்பேஸ். இதை அறையாக மாற்றும்போது வேலைகளின் வரிசை தவறக்கூடாது. முதலில் அஸ்திவாரம், அடுத்து நீர், அதன் பிறகே வெப்பம். ஈரம் நிற்கும் சுவரில் வெப்பக்காப்பு போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, பூஞ்சை படர்ந்து மரம் இற்றுப்போகும்.

1. ஈரத்தின் மூலத்தைக் கண்டறிதல்

இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்பையும் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. வெளிப்புறம் வியர்த்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது நீர் ஊடுருவலின் தடயம். பழைய குழாய்களின் மேலுறையில் கல்நார் இருக்கலாம்; பரிசோதிக்காமல் அதைத் தொடக்கூடாது.

2. ஆழத்தைக் கணக்கிடுதல்

பழைய வீட்டின் நிலவறையில் தனிக் குடியிருப்பு அமைக்க ஒன்டாரியோ கட்டட விதி கேட்கும் உயரம் 1.95 மீட்டர், உத்திரங்களுக்கும் காற்றுக்குழாய்களுக்கும் அடியில் மட்டும் 1.85 மீட்டர் போதும். இத்துடன் ஜல்லி 10, காப்புப் பலகை 5, கான்கிரீட் 10, மேல்தரையும் உட்கூரையும் 4 சென்டிமீட்டர் சேர்த்தால் 2.24 மீட்டர் ஆகிறது. இப்போதுள்ள உயரம் 1 மீட்டர் என்றால் இன்னும் 1.24 மீட்டர் தோண்ட வேண்டும். 6-க்கு 8 மீட்டர் பரப்பில் இது ஏறத்தாழ 60 கன மீட்டர் மண். வெட்டிய மண் உப்பிப் பெருகுவதால் அகற்ற வேண்டியது 75 கன மீட்டரை எட்டும். செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

3. வரைபடமும் அனுமதியும்

அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டுவதற்கு உரிமம் பெற்ற பொறியாளரின் வரைபடமும் நகராட்சியின் கட்டட அனுமதியும் வேண்டும். ஒட்டுவீடாக இருந்தால் பொதுச் சுவரில் கைவைக்குமுன் பக்கத்து வீட்டாரின் சம்மதத்தைப் பெற வேண்டும்.

4. அஸ்திவாரத்தை ஆழப்படுத்துதல்

இந்த வேலைக்கு அண்டர்பின்னிங் என்று பெயர். சுவர் நெடுகிலும் சுமார் 1 மீட்டர் அகலப் பகுதிகளாகப் பிரித்து 1, 2, 3, 1, 2, 3 என எண்ணிடுவார்கள். முதலில் ‘1’ எண் கொண்ட பகுதிகளை மட்டும் தோண்டி கான்கிரீட் இடுவார்கள். அது இறுகிய பிறகே ‘2’, கடைசியில் ‘3’. அடுத்தடுத்த பகுதிகளை ஒரே நேரத்தில் திறந்தால் சுவர் தாங்குதலின்றி அமிழ்ந்துவிடும். புதுக் கான்கிரீட் காயும்போது சிறிது சுருங்கும். அதனால் அதைப் பழைய அஸ்திவாரத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழேயே நிறுத்தி, அந்த இடைவெளியில் சுருங்காத சிமெண்ட் கலவையைப் பிறகு இறுக்கி அடைப்பார்கள்.

பழைய அஸ்திவாரத்தைத் தொடாமல், சுவரோரம் மண்ணை விட்டுக் கான்கிரீட் திண்ணை கட்டும் ‘பெஞ்ச்’ முறையும் உண்டு. இதில் செலவு குறைவு, ஆனால் அறையின் பரப்பு சுருங்கும்.

5. நீரை விலக்குதல்

வேலை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். சுவரை ஒட்டிய முதல் 3 மீட்டரில் நிலம் 15 சென்டிமீட்டராவது வெளிநோக்கிச் சரிய வேண்டும். கூரைநீர்க் குழாயின் வாய் சுவரிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

உள்ளே அஸ்திவாரத்தை ஒட்டி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையிட்ட குழாயை ஜல்லிக்குள் பதித்து, நீர் சேரும் சம்ப் குழிக்குச் சரிவாகக் கொண்டு செல்ல வேண்டும். குழியிலுள்ள சம்ப் பம்ப் நீரைத் தோட்டத்தில் விடலாம். வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கக்கூடாது. பெருமழையில் மின்சாரமும் போகக்கூடும் என்பதால் பேட்டரியில் ஓடும் மாற்றுப் பம்ப் தேவை. தெருச் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் திரும்புவதைப் பின்னோட்டத் தடுப்பு வால்வு தடுக்கும். குளியலறைக் குழாய்களையும் தளம் போடுமுன்பே பதித்துவிட வேண்டும்.

6. தரை

ஜல்லிமேல் 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள எக்ஸ்பிஎஸ் என்னும் நுரைக் காப்புப் பலகை, அதன்மேல் குறைந்தது 0.15 மில்லிமீட்டர் பாலிதீன் தாள், அதன்மேல் கான்கிரீட் என அடுக்க வேண்டும். தாளின் இணைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுவது அவசியம். மண்ணிலிருந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு கசியக்கூடும். ஆகவே தளத்துக்கு அடியில் 10 சென்டிமீட்டர் குழாய் ஒன்றைப் பதித்து, மூடியிட்டு வைப்பது நல்லது.

7. சுவர்

பழைய காற்றோட்டத் துளைகளை அடைத்துவிட வேண்டும். கோடையில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்று உள்ளே வந்தால், 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துவிடும். மண்ணை ஒட்டிய சுவர் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும்.

கான்கிரீட்டில் எக்ஸ்பிஎஸ் பலகையை நேராக ஒட்டலாம். அல்லது மூடிய துளைகள் கொண்ட தெளிப்பு நுரையை அடிக்கலாம். வெப்பத்தடையைக் குறிக்கும் ஆர் அளவில் முன்னது அங்குலத்துக்கு ஆர்-5, பின்னது சுமார் ஆர்-6 காப்பைத் தரும். கண்ணாடி இழைப் பஞ்சு கான்கிரீட்டைத் தொடக்கூடாது. சுவரின் உச்சியில் தரைவிட்டங்கள் அமரும் விளிம்பில்தான் காற்று அதிகம் கசிகிறது; அங்கும் நுரை வேண்டும். நுரை தீப்பற்றக் கூடியது என்பதால் அதை டிரைவால் பலகையால் மூடுவது கட்டாயம்.

8. வெப்பம், காற்று, வெளியேறும் வழி

வீட்டைச் சூடாக்க இப்போதிருக்கும் ஃபர்னஸுக்குப் புதிய அறையையும் சூடாக்கும் திறன் உண்டா என்று முதலில் கணக்கிட வேண்டும். திறன் போதாவிட்டால் மின் ஹீட்டர் பொருத்தலாம். வெப்பம் செல்லும் குழாயோடு, காற்று திரும்பும் குழாயும் தேவை. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்கக் கோடையில் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓட்ட வேண்டும்.

படுக்கையறை சன்னலின் திறப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. எந்தப் பக்கமும் 38 சென்டிமீட்டருக்குக் குறுகக்கூடாது. சன்னல் நிலமட்டத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு முன்னால் 55 சென்டிமீட்டர் குழியிடம் விட வேண்டும். புகை, கார்பன் மோனாக்சைடு எச்சரிப்புக் கருவிகளும் கட்டாயம்.

9. இறுதிச் சோதனை

குடியேறிய பின், அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் ரேடானை அளக்க வேண்டும். கனடாவின் வழிகாட்டு வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கரல். அதற்கு மேல் போனால், தளத்தடியில் பதித்த குழாயில் விசிறியைப் பொருத்தி வாயுவை வெளியேற்றலாம்.