மூளையின் கடைமடை

காவிரியின் கிளைகள் கடலோடு கலக்கும் கீழைக் கோடியில் அமைந்த ஊர் தரங்கம்பாடி. மேட்டூரில் மதகு திறந்த செய்தி கேட்டதும் கல்லணையை அடுத்த ஊர்களில் ஏர் பூட்டுவர். தரங்கம்பாடி உழவரோ நீர் வந்து சேரும் நாளை எண்ணிக் காத்திருப்பர். ஆற்றில் நீர் குறையுங்கால் முதலிற் காய்வது கடைமடை வயலே. இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்துவிடின், தலைமடையில் நீர் நிறைந்திருக்கும்போதே கடைமடைப் பயிர் வாடும். இதனை அறிந்தவர்க்கு மனித மூளை வாழும் வகையை அறிதல் அரிதன்று. மூளையும் பாசனத்தால் வாழும் நிலமே. அதற்கு நீர் குருதி, வாய்க்கால்கள் தமனிகள்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது நூற்றில் இரண்டு பங்கேயாகும். ஆயினும், உடல் ஓய்ந்திருக்கையில் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கினை இச்சிற்றுறுப்பே கொள்கின்றது. நிமிடந்தோறும் முக்கால் லிட்டர் அளவிற் குருதி இதன்கண் பாய்கின்றது. வயலுக்கு மேட்டூர் நீர்த்தேக்கம் உண்டு. மூளைக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. நொடிதோறும் வருவதை நொடிதோறும் உண்டு வாழ்வது அது. ஓட்டம் முற்றும் நின்றுவிடின் பத்து நொடியளவில் நினைவு அழியும். நான்கைந்து நிமிடங்களில் மீளாக் கேடு தொடங்கும்.

கழுத்தின் முன்புறத்தே இருபாலும் இரண்டு, பின்புறத்தே முள்ளெலும்புகளின் வழியாக இரண்டு என நான்கு தமனிகள் மூளைக்குக் குருதி கொண்டு செல்கின்றன. இவை மண்டையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. ஆக்ஸ்போர்டில் மருத்துவராயிருந்த தாமஸ் வில்லிஸ் என்பார் 1664-இல் இவ்வளையத்தை விளக்கி நூல் எழுதினார். அந்நூலுக்குப் படம் வரைந்து உதவியவர், பின்னாளில் இலண்டன் நகரத்துப் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் ஆவார். ஒரு வாய்க்கால் அடைபட்டால் மற்றொன்றின் நீரைத் திருப்பிவிடும் இணைப்பு வாய்க்கால் போன்றது இவ்வளையம். எல்லார்க்கும் அது குறைவின்றி அமைவதில்லை. வளையத்திற்கு அப்பால் ஒவ்வொரு பெருந்தமனிக்கும் தனித்தனி ஆயக்கட்டு உண்டு. இரண்டு ஆயக்கட்டுகளுக்கு இடைப்பட்ட எல்லைப் பகுதியே மூளையின் கடைமடை. இதயம் சோர்ந்தோ, குருதி மிகுதியாகச் சிந்தியோ அழுத்தம் மிகத் தாழுமாயின், முதலில் நலிவது அப்பகுதியேயாம்.

பாசனத்திற்கு வரும் கேடு இருவகைத்து. தமனியிற் குருதி கட்டியாகி அடைத்துக்கொள்ளுதல் ஒன்று. தமனி வெடித்துக் குருதி மூளையினுள் பாய்தல் மற்றொன்று. முன்னது வாய்க்கால் தூர்தல். பின்னது கரை உடைதல். இரண்டிற்கும் மக்கள் வழங்கும் பெயர் பக்கவாதம். புறத்தே காணும் குறிகளும் பெரும்பாலும் ஒன்றே. மருத்துவமோ நேர்மாறானது. கட்டியைக் கரைக்கும் மருந்தினைக் குருதி கசிவார்க்குக் கொடுத்தால் அதுவே உயிரைக் கொண்டுபோகும். ஆதலின், எத்துணைத் தேர்ந்த மருத்துவரும் சி.டி. ஸ்கேன் படம் பாராது அம்மருந்தைத் தொடமாட்டார்.

அடைப்பு நேர்ந்தவுடன் ஆயக்கட்டு முழுவதும் ஒருங்கே மடிவதில்லை. நூறு கிராம் மூளைக்கு நிமிடத்திற்கு 50 மில்லிலிட்டர் குருதி பாய்வது இயல்பு. அது 20-க்குக் கீழிறங்கின் உயிரணுக்கள் தொழிலை நிறுத்திவிடும். ஆனால் உயிர் இருக்கும். ஏறக்குறைய 10-க்கும் கீழே தாழ்ந்தாலோ விரைவில் மடியும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே கிடக்கும் பகுதியை 1981-இல் டென்மார்க்கினரான ஆஸ்ட்ரப் என்பாரும் அவர்தம் துணைவர் இருவரும் ஆராய்ந்து, கிரகண காலத்து அரைநிழலுக்குரிய பெயரை அதற்கு இட்டனர். 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டி, 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற நாட்டினர் அவர்தம் முன்னோர். அவ்வூர் உழவரைக் கேட்டிருந்தால், வாடிய பயிர் என்றே பெயர் சொல்லியிருப்பர். அதுவே பொருத்தமும் ஆகும். கருகிய பயிர் மீளாது; வாடிய பயிரோ காலத்தே நீர் பாய்ந்தால் தலைநிமிரும்.

அக்காலம் மிகக் குறுகியது. கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்பெறல் வேண்டும். பெருந்தமனி அடைபட்டிருப்பின், தொடையின் வழியே நுண்குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை 2015 முதல் உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. நோயாளி இறுதியாக நலமுடன் காணப்பட்ட நேரம் எது என்பதே மருத்துவர் கேட்கும் முதல் வினா. வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினும் ஐயுறல் வேண்டும். காற்றுப் பட்டது எனக் கருதி விடியும்வரை பொறுத்திருப்பதும், மயங்கியவர் வாயில் நீரோ மருந்தோ புகட்டுவதும் இன்றும் சிற்றூர்களிற் காணப்படுகின்றன. விழுங்கும் ஆற்றல் இழந்தவர்க்குப் புகட்டிய நீர் மூச்சுக்குழலிற் புகும். 108-ஐ அழைப்பதே அப்போது செய்யத்தக்கது. குறிகள் சற்று நேரத்தில் தாமே மறைந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். பெருநோய்க்கு அது முன்னறிவிப்பாதல் உண்டு.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை ஆள்கின்றது. பெரும்பாலார்க்குப் பேச்சும் இடப்பாதியிலேயே அமைந்துள்ளது. எனவே வலக்கை வீழ்ந்தவர் பலர் சொல்லையும் இழக்கின்றனர். தமிழக முதலமைச்சராயிருந்த எம்.ஜி. இராமச்சந்திரன் 1984 அக்டோபரில் சிறுநீரக நோயோடு பக்கவாதத்தாலும் தாக்குண்டு, சென்னையிலும் பின்னர் நியூயார்க்கிலும் மருத்துவம் பெற்றார். 1967-இல் கழுத்திற் குண்டு பாய்ந்தமையால் அவர் குரல் முன்னரே நலிந்திருந்தது. 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் பதவியேற்றார். ஆயினும், பேச்சின் தெளிவு அவருக்கு முழுமையாக மீளவில்லை. 1987 டிசம்பரில் மறைந்தார்.

மடிந்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் அதன் வேலையில் ஒரு கூற்றினை அண்டைப் பகுதிகள் பயின்று ஏற்றுக்கொள்ளும். அதற்காகவே தளர்ந்த விரலால் பயறு பொறுக்கவும், மறந்த சொற்களை எழுத்துக் கூட்டிச் சொல்லவும் நோயாளியைப் பழக்குகின்றனர். முதல் சில மாதங்களில் இப்பயிற்சி மிகுந்த பயன் தருகின்றது; பின்னரும் மெல்ல மெல்லப் பலன் கிட்டுகின்றது.