பிறர் மடல்

இந்தியாவில் அஞ்சலட்டை 1879-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் விலை காலணா. விலை மலிவு, ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. எழுதிய எழுத்துக்கு மூடி இல்லை. அஞ்சலகத்தில் முத்திரை குத்துபவரும், பையைச் சுமந்து வருபவரும், வாயிலில் அதனை வாங்கி வைக்கும் அண்டை வீட்டாரும் விரும்பினால் படித்துவிடலாம். இக்குறையைத் தமிழ் மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஊர் வந்து சேர்ந்த செய்தியும், நெல் விலையும், திருவிழா அழைப்பும் அட்டையில் எழுதப்பெற்றன. மகள் புகுந்த வீட்டு மனத்தாங்கலும், கடன் தொகையும், நோயின் பெயரும் உறைக்குள் ஒட்டி அனுப்பப்பெற்றன. எழுத்தறியாத தாய்க்கு மகனின் கடிதத்தைத் தபால்காரரே திண்ணையில் அமர்ந்து படித்துச் சொல்வதும் ஊர்களில் வழக்கமாக இருந்தது. அவ்வாறு படித்தவர் அச்செய்தியை அடுத்த தெருவில் சொல்லித் திரிவாராயின், அவருக்கு ஊரில் மதிப்பு இராது. எது அட்டைக்கு உரியது, எது உறைக்கு உரியது என்னும் தெளிவு, பள்ளியின் வாயிலை மிதியாதவரிடத்தும் இருந்தது.

இக்காலத்தில் அட்டையும் உறையும் அருகிவிட்டன. செய்தி அனைத்தும் கைப்பேசியில் செல்கின்றது. ஆனால், அதில் எழுதுவது அட்டையில் எழுதுவது போன்றதா, உறையில் இடுவது போன்றதா என்று கேட்டால், விடை கூறத் தயங்குவோரே பலர். பேருந்திலும் தேநீர்க் கடையிலும் இதுபற்றி வழங்கும் கருத்துகள் பல. “மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?” என்பார் ஒருவர். “எல்லாம் வெளியே போய்விட்டது, இனிக் காப்பதற்கு ஒன்றும் இல்லை” என்பார் மற்றொருவர். “நேற்றுச் செருப்பு வாங்குவது பற்றி வீட்டில் பேசினேன், இன்று கைப்பேசியில் செருப்பு விளம்பரம் வருகிறது, இக்கருவி ஒட்டுக்கேட்கிறது” என்று ஐயுறுவார் வேறொருவர். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் அதற்கு இல்லை. தேடிய சொல், நின்று பார்த்த படம், சென்ற கடைத்தெரு, உடன் பழகும் நண்பர் வாங்கிய பொருள் ஆகியவை போதும். மனத்தில் உள்ளதை அவற்றைக் கொண்டே கணக்கிட்டுக் கூற இயலும். காதால் கேட்பதனினும் இது நுட்பமான வேலை.

மடலுக்கு முத்திரையிட்டுக் காக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரு மடல்கள் விடுக்கின்றாள். முதல் மடலை அவன் ஏற்க மறுக்கின்றான். இரண்டாவது மடலைக் கௌசிகன் என்னும் அந்தணன் எடுத்துச் சென்று, மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனைக் கண்டு கொடுக்கின்றான். அம்மடல் களிமண்ணால் மூடி முத்திரையிடப்பெற்றிருந்தது. முத்திரை பதித்தது கணையாழியன்று, மாதவியின் கூந்தல். அம்மண்ணில் ஏறியிருந்த நெய்மணமே அனுப்பியவள் இன்னாள் என்பதைக் கோவலனுக்கு உணர்த்திற்று. இடையில் எவரேனும் பிரித்திருந்தால் மண் உடைந்திருக்கும். வேறொருவர் புனைந்து அனுப்பியிருந்தால் மணம் மாறியிருக்கும். மடல் பிரிக்கப்படவில்லை என்பதற்கும், அனுப்பியவர் அவரே என்பதற்கும் ஒரே முத்திரை சான்றாயிற்று. இன்றைய கணிப்பொறி வல்லுநர் பெரும்பாடுபட்டுச் செய்வதும் இவ்விரண்டையே.

ஆனால், அக்கதையில் கற்போர் பலர் கடந்துசெல்லும் இடம் ஒன்று உண்டு. மடலைப் படித்த கோவலன், அதன் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் கூற வேண்டியவற்றுக்கும் பொருந்தியிருத்தலைக் கண்டு, அதே மடலைக் கௌசிகன் கையில் கொடுத்துப் பெற்றோரிடம் சேர்ப்பிக்கச் சொல்கின்றான். மாதவியின் உள்ளம் உருகி எழுதிய மடல், அவள் அறியாமலே மாசாத்துவான் இல்லத்துக்குச் செல்கின்றது. கோவலனின் கருத்தில் தீமை இல்லை. மனம் திருந்திய நிலையில்தான் அவன் அதனைச் செய்தான். எனினும், ஒருவர் எழுதியது அவர் எண்ணாத கைகளுக்கு எத்துணை எளிதில் சென்றுவிடும் என்பதற்கு அது பழைய சான்று. முத்திரை வழியில் காக்கும். பெற்றவர் கையில் அதற்கு வேலை இல்லை.

வழியில் நேரும் இடர் வேறு வகை. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. ஏழை எளியவரும் கடிதம் எழுதத் தொடங்கினர். நான்கே ஆண்டுகளில் ஒரு பெருங்குழப்பம் விளைந்தது. இத்தாலிய நாட்டின் விடுதலைக்கு உழைத்த மாஜினி அக்காலத்தில் இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்தார். தமக்கு வரும் கடிதங்களை யாரோ பிரித்துப் பார்க்கின்றனர் என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. கூச்சலிடாமல் அவர் ஒரு சோதனை செய்தார். நண்பர்களைக் கொண்டு, கசகசா விதையும் தலைமயிரும் இட்ட கடிதங்களைத் தமக்கே அனுப்பச் செய்தார். கடிதங்கள் வந்தன, உள்ளே இட்டவை வரவில்லை. 1844-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், டங்கோம் என்னும் உறுப்பினர் வாயிலாக இச்செய்தி பாராளுமன்றத்தை எட்டிற்று. உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாம் தம் ஆணையின்பேரில் கடிதங்கள் பிரிக்கப்பட்டதை மறுக்க இயலவில்லை. நாடே கொதித்தது. ஆங்கில எழுத்தாளர் கார்லைல் மாஜினிக்காக இதழில் கடிதம் எழுதினார். பொதுமக்கள் உறையின்மேல் அமைச்சரின் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கி, ‘இதனைக் கிரகாம் செய்யாதீர்’ என்னும் பொருள்பட எழுதி அனுப்பினர். ஓர் அமைச்சர் மொழிக்குப் புதுச்சொல் வழங்கும் பேறு இவ்வாறும் கிட்டுவது உண்டு. அரசின் தரப்பில் கூறப்பட்டதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சதியும் கொலையும் கடிதத்தின் வழியே திட்டமிடப்படுமாயின், அரசு வாளாவிருத்தல் இயலுமோ? அவ்வினா அன்று முடிவுறவில்லை. இன்றும் எல்லா நாடுகளிலும் அது நிலவுகின்றது. ஆயினும், அயல்நாட்டுக் கடிதங்களைப் பிரித்துவந்த இரகசியப் பிரிவு அவ்வாண்டிலேயே மூடப்பட்டது.

தனித்திருக்கும் உரிமையை ஒரு சட்ட உரிமையாக எடுத்துரைத்த புகழ்பெற்ற கட்டுரை 1890-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியோர் வாரன், பிராண்டைஸ் என்னும் இருவர். நொடியில் படம்பிடிக்கும் கருவியும், வம்பை அச்சிட்டு விற்கும் இதழ்களும் அவர்களை எழுதத் தூண்டின. கருவிகள் மாறிவிட்டன, குற்றச்சாட்டு மாறவில்லை.

“மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை” என்னும் கூற்றைச் சற்று ஆராய வேண்டும். மறைத்தல் என்றாலே குற்றம் என்று அது கொள்கின்றது. அது பிழை. குளியலறைக்குக் கதவு இடுபவர் குற்றவாளி அல்லர். 1951-52-இல் நடைபெற்ற இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, வாக்காளர் எப்பெட்டியில் சீட்டை இட்டார் என்பதைப் பிறர் காணாதவாறு மறைவிடம் அமைத்தனர். வாக்களிப்பது வெட்கப்படத்தக்க செயல் என்பதாலா மறைவிடம் அமைத்தனர்? பண்ணையாரும் முதலாளியும் காணாத இடத்தில்தான் கூலியாளின் வாக்கு அவனுடையதாக இருக்கும் என்பதால் அன்றோ? நோயாளி மருத்துவரிடம் உண்மை கூறுவதும் அதனாலேயே. மேலும், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று கூறுபவர் கைப்பேசியில் அவருடைய செய்தி மட்டுமா இருக்கின்றது? தமக்கையின் மருத்துவச் சீட்டும், நண்பனின் கடன் வேண்டுகோளும் அதில் உள்ளன. அவற்றுக்கும் சேர்த்து இசைவு அளிக்க அவருக்கு உரிமை இல்லை.

இந்திய நாட்டில் இவ்வுரிமை நீதிமன்றத்தில் நெடுவழி நடந்தது. 1954-இல் எட்டு நீதிபதிகள் அமர்ந்த வழக்கொன்றில், சோதனையிடும் அதிகாரத்துக்கு எதிராக இவ்வுரிமையைக் காட்ட அரசமைப்பில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் 1941-இல் கொள்ளை வழக்கொன்றில் பிடிக்கப்பட்டுச் சான்று இன்மையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும், காவல்துறையினர் அவர்மேல் கண்காணிப்பு ஏடு ஒன்றைத் திறந்து, நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்பி வந்தனர். அவர் தொடுத்த வழக்கில் 1962-இல் தீர்ப்பு வந்தது. இரவில் வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என்ற அத்தீர்ப்பே, அந்தரங்கம் என்பது அரசமைப்பு உறுதியளித்த உரிமையன்று என்றும் உரைத்தது. நீதிபதி சுப்பாராவ் இதற்கு மாறுபட்டு எழுதினார். அவர் கருத்து வெற்றி பெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் வழக்குத் தொடுத்தார். அதன் வழியே எழுந்த வினாவை ஒன்பது நீதிபதிகள் கேட்டு, 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமைக்கு எல்லையே இல்லை என்று அவர்கள் கூறவில்லை. அரசு அதில் தலையிட வேண்டுமாயின் சட்டம் வேண்டும். தக்க நோக்கம் வேண்டும். தலையீடு நோக்கத்தின் அளவுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றனர்.

சட்டம் இவ்வாறு நடக்கையில், கணித அறிஞர்கள் வேறொரு வழியில் சென்றனர். பழைய முறையில், மறைமொழியில் எழுதுபவரும் படிப்பவரும் ஒரே திறவுகோலை வைத்திருக்க வேண்டும். அத்திறவுகோலை ஊர்விட்டு ஊர் அனுப்புவது எப்படி? 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்குப் புதுவழி கண்டனர். ஒருவர் தம் பூட்டுகளைத் திறந்த நிலையில் எல்லார்க்கும் வழங்கிவிட்டுத் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்வதாகக் கருதுக. எவரும் பெட்டியைப் பூட்டி அவருக்கு அனுப்பலாம். அவர் ஒருவரே திறக்கலாம். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் இத்தகைய பூட்டைப் பகா எண்களால் அமைத்தனர். 61-ஐ 53-ஆல் பெருக்கினால் 3233 வரும் என்பதை ஒரு நிமிடத்தில் கூறலாம். 3233 எவ்விரு பகா எண்களின் பெருக்கம் என்று கேட்டால் நேரமாகும். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உடையனவாயின், வலிமை மிக்க கணிப்பொறிகளும் திகைக்கும். இவ்வழிவந்த பூட்டுமுறை 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனைத்துக்கும் இடப்பட்டது. செய்தியைச் சுமந்து செல்லும் நிறுவனமே அதனைப் படிக்க இயலாது. ஆகவே, அச்செய்தி உறைக்குள் இட்ட கடிதமே. ஆயினும், உறையின் மேற்புறம் உண்டன்றோ? யார் யாருக்கு எப்பொழுது எத்தனை முறை எழுதினார் என்பதைப் பூட்டு மறைப்பதில்லை. புற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு கிழமையில் ஏழு முறை பேசியவர் என்ன பேசினார் என்பதைக் கேட்டறிய வேண்டுமோ?

பூட்டே இல்லாத வீடுகளும் உள. ஃபேஸ்புக் தளத்தில், 2013-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் மனப்பாங்கை அறியும் வினாவிடை ஒன்றை அமைத்தார். அதில் சேர்ந்தோர் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்களுடைய செய்திகளுடன், அவர்களின் நண்பர்களுடைய செய்திகளும் அவர் கைக்குச் சென்றன. அவை அரசியல் விளம்பரத் தொழில் செய்யும் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டமை 2018-இல் உலகறிய வெளிவந்தது. பாதிக்கப்பட்டோர் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை இருக்கலாம் என ஃபேஸ்புக் நிறுவனமே கூறிற்று. இந்தியாவில் அவ்வினாவிடையில் சேர்ந்தவர் 335 பேர் மட்டுமே. அவர்கள் வாயிலாகச் செய்தி வெளிப்பட்டிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டோர் தொகையோ 5,62,000-க்கு மேற்பட்டது. ஒருவர் திறந்த சாளரத்தின் வழியே ஆயிரத்தறுநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் தெரிந்தன என்று இதனைக் கூறலாம். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2019-இல் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. ஆனால், சென்ற செய்தி தண்டத்தால் திரும்பி வருவதில்லை.

இந்தியாவில் தனிமனிதர் தரவைக் காக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பெற்றது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. பதினெட்டு வயது நிறையாதோர் அனைவரையும் அச்சட்டம் சிறுவர் எனக் கொள்கின்றது. அவர்களுடைய தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டலாகாது என்றும் கூறுகின்றது. சட்டம் கட்டுவது நிறுவனங்களை. ஒரு வகுப்பில் பயிலும் நாற்பது பேர் சேர்ந்த குழுவில், ஒரு மாணவியின் மதிப்பெண் பட்டியலையோ, அழுதுகொண்டிருக்கும் தோழனின் படத்தையோ மற்றொருவர் இடுவதைச் சட்டம் வந்து கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. அங்கே வலிய பூட்டு உண்டு. பகா எண்கள் உண்டு. ஆனால் நாற்பது கோவலர்கள் உளர். இட்டவர் பின்னர் மனம் வருந்தி, ‘அனைவரிடமிருந்தும் நீக்கு’ என்னும் குறியை அழுத்தலாம். குழுவிலிருந்து படம் மறையும். அதற்குள் படியெடுத்துக்கொண்டவர் கைப்பேசியில் அது அப்படியே இருக்கும்.